ஆறோ ஏழோ

சுத்தியலைப் பின்வளவுச் சீமெந்துக் கல்லில் மூன்றாம் முறை அடித்தபோதுதான் தோட்டாவின் முனைச் சன்னம் கழன்றது. பிளாஸ்டிக் தலைச் சுத்தியல். அதன் வயிற்றுக்குள் தோட்டாவைச் செருகி ஓங்கி அடித்தால் சன்னம் கழன்று, கோதுக்குள் இருக்கும் வெடிமருந்து உதிரும். வாமதேவன் மருந்தை வெள்ளைத் தாளில் கொட்டி, வேலையிடத்து உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு குனிந்தான். எல்லாம் உருண்டை மணிகள். தட்டையான செதில் ஒன்றுகூட இல்லை. நல்லது. அடுத்தது.

"எத்தினை எண்டு வடிவா யோசிச்சுச் சொல்லும்," என்றான், நிமிராமல்.

குசினிக் கதவடியில் நின்ற மனைவி கிளறிற்றாவின் கையில் ஹூவரின் தூசி உறிஞ்சும் குழாய் இன்னும் இருந்தது. "ஆறு. இல்லாட்டி ஏழு. எண்ணிக்கொண்டே நிண்டனான்? வாசல்லை பெல் அடிக்குது."

"ஆறோ ஏழோ?"

"பொலிஸ் மாதிரிக் கேட்டாப்போலை நினைவு வருமே?"

நேற்றுப் பின்னேரம் நடந்த காரியம் இது. சாப்பாட்டு மேசையில் ஐம்பது பித்தளைத் தோட்டாக் கோதுகள், மரத்தட்டின் ஐம்பது குழிகளில் வாய் திறந்து நின்றன. ஒவ்வொன்றுக்கும் மருந்தைத் தராசில் நிறுத்துப் புனலால் ஊற்றி முடித்திருந்தான். சன்னத்தை வைத்து அழுத்துவதுதான் மிச்சம். அந்நேரம் பிளேஸ்டோவிலிருந்து புறப்பட்ட கிளறிற்றாவின் சித்தப்பா குடும்பம் போன் எடுத்தது. கலியாணக் கார்ட் தர வந்தனாங்கள், தெரு முனையில் நிற்கிறோம், ஐந்து நிமிசம். கார்ட்டோடு வருகிறவர்களை இன்றைக்கு வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? வீட்டில் பால் இல்லை. வாமதேவன் கடைக்கு ஓடினான். மேசையைக் கிளறிற்றா ஒதுக்கினாள். தட்டைத் தூக்கும்போது ஒரு மூலை கதிரையில் இடித்து, சில கோதுகள் சரிந்து மருந்து கார்ப்பெட்டில் கொட்டியது. மூன்று மணித்தியாலம் குந்தியிருந்து நிறுத்த மனிசன் திரும்பவும் முதலிலிருந்து மாரடிக்க வேண்டாமே என்று, மேசையிலிருந்த டின்னைத் திறந்து, அதே புனலால் மற்றக் கோதுகளின் மட்டத்துக்கு நிரப்பிவிட்டாள். பிறகு வந்தவர்களுக்கு ரோல்ஸ் பொரித்தாள். மறந்தும் போனாள்.

மேசையில் இரண்டு டின் இருந்தது. அவள் திறந்தது மற்ற டின். வேறொரு துவக்குக்கென்று வாங்கி, பயன்படாமல், கடையில் திருப்பிக் கொடுக்க எடுத்து வைத்தது. அது செதில் செதிலாக இருக்கும், சட்டென்று எரிகிற மருந்து. இந்தச் சின்னக் கோதுக்குள் அதை நிரப்பினால் துவக்கு தாங்குமோ தெரியாது.

விருந்தாளிகள் போனபின் அவன் டோர்ச் அடித்து ஐம்பது கோதின் வாயையும் பார்த்தான். மட்டம் சமம். கழுத்துக்குள் எல்லா மருந்தும் கறுப்பு. சன்னங்களை அழுத்தி முடித்தான். ஏழு மணிக்கு அவனோடு சேர்ந்து சுடப் போகும் நண்பன் ஸ்ரீதரன் வந்து, தன் அனுமதிப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இருபதை எடுத்துப் போனான். இன்று காலை பத்து மணிக்கு ஹூவர் பிடிக்கும்போது, சோபாவுக்கடியில் கறுப்புத் துகளைக் கண்டு கிளறிற்றா சிரித்தபடி கதையைச் சொன்னாள். வாமதேவன் தேத்தண்ணிக் கோப்பையை வைத்த இடம் மேசை விளிம்பு. அது விழுந்து உடைந்தது.

முப்பது தோட்டா வீட்டில். ஏழும் இந்த முப்பதுக்குள் இருந்துவிட்டால் ஸ்ரீதரனுக்கு ஒன்றுமில்லை. பதினொன்றாவதில் முதல் செதில்கள் வந்தன. பத்தொன்பதில் இன்னொன்று. இருபத்தாறில் மூன்றாவது. முப்பதாவது சுத்தம்.

"மூண்டு," என்றான். "மிச்சம் அவனிட்டை."

ஸ்ரீதரனின் போன் அடித்து அடித்து நின்றது. சுடும்போது போனைக் காருக்குள் போட்டுவிடுவது அவன் பழக்கம். அவன் சுடப் போயிருக்கும் செரித் தோட்டத்தின் சொந்தக்காரி ஷெறோன் ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தையில் நிற்பாள். அவள் வீட்டுப் போனையும் யாரும் எடுக்கவில்லை. சுத்தியலையும் உருப்பெருக்கியையும் பையில் போட்டுக்கொண்டு, செருப்பை மாற்றாமலே வாமதேவன் காரை எடுத்தான்.

ஐம்பத்து நான்கு வயது. பத்தொன்பதில் லண்டனுக்கு வந்து, பெற்றோல் ஷெட், பேக்கரி என்று அலைந்து, கடைசி இருபத்திரண்டு வருசம் குரொய்டனில் மூக்குக்கண்ணாடி வில்லை அரைக்கிறான். அவனால் சும்மா இருக்க ஏலாது. படம் பார்க்கும்போது ரிமோட்டைக் கழற்றிப் பூட்டுவான். துவக்குச் சத்தத்துக்குப் பங்கருக்குள் கிடந்தவனுக்கு லண்டனில் துவக்கு என்னத்துக்கு என்று அக்கா இன்னும் கேட்கிறாள். அவனுக்குச் சுடுவதில் பெரிய ஆசை இல்லை. மருந்தை நிறுக்கும்போது மட்டும் கை அடங்கும். அதை அக்காவிடம் எப்படிச் சொல்வது?

ரைபிளைத் தெரிவுசெய்ததும் அவனும் ஸ்ரீதரனும் சேர்ந்துதான். இளஞ்செரிக் கன்றுகளின் பட்டையை முயல் உரித்துத் தின்கிறது, சுட்டுத் தாருங்கள் என்று ஷெறோன் கேட்ட வருசம் அது. சாதாரண இருபத்திரண்டு அளவுத் தோட்டா, நூறு யார் தாண்டினால் களைத்துவிடும். பதினேழின் சன்னத்தை அந்தச் சரிவுக் காற்று தள்ளிக்கொண்டு போகும். இருநூற்று இருபத்திமூன்று வேலையை முடிக்கும், ஆனால் வேலிக்கு அப்பால் வீடுகள்; சத்தத்துக்கு முறைப்பாடு வரும். மூன்று மாதம் போனில் சண்டை பிடித்து ஹோர்னெட் என்ற ரகத்தில் வந்து நின்றார்கள். பழைய சாமான், சத்தம் குறைவு, முயலுக்கும் காகத்துக்கும் அளவானது. ஒரே குறை, கடைத் தோட்டா தேடினாலும் லேசில் கிடைக்காது. கோதின் கழுத்து ஈயத்தாள் போல மெல்லிசு. கை கொஞ்சம் சறுக்கினாலும் நசுங்கும். ஸ்ரீதரன் முதல் நாளே பத்துக் கோதை நசுக்கிவிட்டு, "இது உன் வேல தேவா, கண்ணாடிக்காரன் வேல," என்றான். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் வாமதேவன்தான்.

எம்25 நெடுஞ்சாலையில் சுவான்லியடியில் வாகனங்கள் நின்றன. அவன் திரும்பத் திரும்பப் போன் எடுத்தான். ஸ்ரீதரனுக்கு என்ன சொல்வது என்று வசனம் ஓடிக்கொண்டிருந்தது. 'கிளறிற்றா தெரியாமல்.' எப்படி மாற்றினாலும் அவள் பெயர்தான் முன்னுக்கு வந்தது. பக்கத்துக் காரில் ஒருத்தி வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். ஒரு அடி நகர்ந்தது. நின்றது.

மெயிட்ஸ்டன் தாண்டித் தோட்டத்துப் படலையைத் திறந்தபோது சத்தம் எதுவும் கேட்கவில்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. சேற்றில் செருப்பு ஒன்று புதைந்தது. விட்டுவிட்டு நடந்தான்.

ஸ்ரீதரன் கார் டிக்கியில் உட்கார்ந்திருந்தான். ரைபிள் மடியில். ரப்பர்ச் சுத்தியலால், தோட்டா போடும் வாயை மூடித் திறக்கும் போல்ட்டின் கைப்பிடியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"வா லா தேவா! என்னா ஒத்தக் கால் செருப்போட? கிளறிற்றா வெரட்டிட்டாங்களா?"

"தட்டாதேங்கோ. கீழை வையுங்கோ."

"வெடிச்சு முடிஞ்சதுதான்யா. காலித் தோட்டா உள்ள மாட்டிக்கிச்சு, தொறக்க மாட்டேங்குது."

"எத்தினை சுட்டனீங்கள்?"

"ஒம்பது. நடுவுல ஒண்ணு கொஞ்சம் இறுக்கம். கடைசி இது, கன்னத்துல அறஞ்ச மாதிரி. நீ என்னா காரமா செஞ்சிருக்க இந்த தடவ?"

வலது கன்னத்தில் ஒரு சிவப்புக் கோடு. சுடும்போது போடும் கண்ணாடி மூக்கில் அப்படியே இருந்தது. அதன் வலது வில்லையில் ஊசிமுனை அளவில் மூன்று புள்ளிகள். தூசியாக இருந்தால் மேலே நிற்கும். இவை வில்லைக்குள் இறங்கியிருந்தன.

"என்னா அப்பிடிப் பாக்குற?"

"மருந்து பிழை, ஸ்ரீ. கிளறிற்றா தெரியாமல் வேறை மருந்தைப் போட்டிட்டா."

ஸ்ரீதரன் சுத்தியலைப் பக்கத்தில் வைத்தான். "வேற மருந்து எப்பிடி மேசைக்கு வந்துச்சு?"

வாமதேவன் செருப்பில்லாத காலைப் பார்த்தான்.

"நாந்தான் வைச்சனான்."

"ரெண்டு டின்னும் ஒண்ணா?"

"ஓம்."

ஸ்ரீதரன் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். புள்ளிகளை விரல் நகத்தால் தடவினான். கண்ணுக்கு நேரே தூக்கினான், இறக்கினான்.

"எனக்கு கண்ணு போயிருந்தா வீட்ல மனோரமாகிட்ட என்னா சொல்லிருப்ப? இதேதானா? மொதல்ல கிளறிற்றா பேர?"

ஸ்ரீதரன் கேட்டுவிட்டுக் காத்திருக்கவில்லை. மிச்சப் பதினொரு தோட்டாவையும் பெட்டியோடு தள்ளிவிட்டுத் தோட்டத்துக்குள் நடந்து போனான். வாமதேவன் தண்ணீர்த் தொட்டியின் கல்லில் சுத்தியலை அடித்து ஒவ்வொன்றாகக் கழற்றினான். இரண்டில் செதில் இருந்தது. வீட்டில் மூன்று, இங்கே இரண்டு, போல்ட்டுக்குள் சிக்கியது ஒன்று. ஆறு. நடுவில் இறுகியது ஏழாவதா, அல்லது ஏழாவது என்று ஒன்றே இல்லையா? சுட்ட கோதுகளைப் பொறுக்கி எடுத்து அவற்றின் அடியை உருப்பெருக்கியால் பார்த்தான். அழுத்தம் கூடினால் அடி தட்டையாகும். ஒன்று மற்றவற்றைவிடக் கொஞ்சம் தட்டை. கொஞ்சம்தான். அதை வைத்துச் சத்தியம் பண்ண ஏலாது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போனான். ட்ராம் நான்கு நிமிசம் பிந்தியது. நாற்பத்தொரு சோடி வில்லை அரைத்தான். இரண்டு பிழையென்று திரும்பி வந்தன. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் துவக்குக் கடைக்குப் போன் எடுத்தான். ஸ்ரீதரன் காலையிலேயே ரைபிளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டானாம். போல்ட்டைத் திறந்தாயிற்று, துவக்குக் குழாயைச் சோதிக்க இரண்டு கிழமை ஆகும் என்றார்கள். பின்னேரம் இரண்டு டின்னையும் அதே கடையில் ஒப்படைத்தான். ஸ்ரீதரனிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது: கடைத் தோட்டாவுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், எனக்கு இனிச் செய்ய வேண்டாம். வாமதேவன் ஓம் என்று பதில் போட்டான். வீட்டில் கிளறிற்றா இடியப்பம் அவித்திருந்தாள். ஏழு சாப்பிட்டான். சாப்பிட்டபின் குளியலறைக் குழாயின் வாஷரை மாற்றினான். அது முன்பும் ஒழுகியதில்லை.