நிறுத்தி நிறுத்தி அரைக்கும் அம்மா

புந்தோங் வீட்டில் எங்கள் பிளெண்டர் ஒருநாளும் தொடர்ந்து ஓடியதில்லை. அம்மா கொஞ்சம் அரைப்பார், நிறுத்துவார், தலையைச் சாய்த்தபடி நிற்பார். பிறகு மறுபடி அரைப்பார்.

இன்று காலை என் கணவர் வீட்டார் வந்து கூடத்தில் தோசைக்குக் காத்திருந்தார்கள். ஏழு மாதமான என் மகள், மூச்சிழுப்புக்கு நெபுலைசர் வைத்த பிறகு பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“ஒரேயடியா அரைச்சிருங்க அத்தை, எல்லாரும் பசியா இருக்காங்கலா,” என்றார் கணவர்.

அம்மா பிளெண்டரை நிறுத்திவிட்டு நின்றார்.

அந்த அமைதி என்னைக் காம்பாருக்கு அப்பால் சிறுவயதில் நாங்கள் இருந்த தோட்டத்து வீட்டுக்கு இழுத்துப் போனது. பலகைச் சுவர், புளித்த ரப்பர் பாலின் வாடை, சாரோங் துணித் தொட்டிலில் என் தம்பி. பிறந்ததிலிருந்தே அவனுக்கு இழுப்பு. மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் பூனை உறுமும். அம்மா அம்மியில் அரைக்கும்போது குழவியை நிறுத்தி நிறுத்தி அதைக் கேட்பார். அது கேட்கும்வரை பிள்ளை இருக்கிறான்.

தைப்பூசத்தன்று வீடு நிறைய உறவுக்காரர்கள். “நேரமாச்சுலா, சீக்கிரம் அரை,” என்றார் பெரியம்மா. அன்று ஒருநாள் மட்டும் அம்மா நிறுத்தாமல் அரைத்தார். மசாலா வெண்ணெய் போல வந்தது. குழவியை ஓரமாக வைத்தபோது தொட்டிலிலிருந்து சத்தமே இல்லை.

இப்போது கதவுக்குப் பின்னால் என் மகளின் இழுப்பு மெல்லக் கேட்டது. அம்மா பிளெண்டரை மறுபடி அழுத்தினார்.

சட்னியில் தேங்காய் திப்பி திப்பியாகக் கிடந்தது. “சரியா அரைபடலையே,” என்றார் மாமியார்.

நான் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டேன்.