மேல்வீட்டுச் சத்தமும் என் புது மைக்கும்

போன வருடம் மாசி மாதம். நெய்வேலி டவுன்ஷிப்பில் நாங்கள் புதிதாக மாறி வந்திருந்த குவார்ட்டர்ஸின் கீழ்வீட்டு ஹாலில் நடந்தது இது. நடந்தது என்பதைவிட, நான் நடத்தியது என்று சொல்வதுதான் நியாயம்.

எனக்கு மைன்ஸில் மெயின்டனன்ஸ் வேலை. கன்வேயர் பெல்ட்டைத் தாங்கும் உருளைகளின் பேரிங் உயிரோடு இருக்கிறதா, இழுத்துக்கொண்டு கிடக்கிறதா என்று பார்ப்பது பிழைப்பு. அதற்குக் கருவிகள் உண்டு. இருந்தாலும் ஒரு இரும்புக் கம்பியின் ஒரு முனையை பேரிங் மேலும், மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்பதுதான் எங்களுக்குத் திருப்தி. உள்ளே ஒரு பொடிக்கல் உருண்டாலும் கம்பி சொல்லிவிடும். இருபது வருடமாக அப்படிக் கேட்டுக் கேட்டு, என் காது உலகத்தரம் என்று எனக்கே ஒரு நினைப்பு.

கிடார் வாசிப்பது என் இன்னொரு வியாதி. அக்கா மகளின் கல்யாண வீடியோ தயாராகிக்கொண்டிருந்தது. பின்னணி இசை மாமா பொறுப்பு என்று யாரும் கேட்காமலேயே அறிவித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். ஒரு வாரம் லீவு போட்டேன்.

முதலில் திருவிழாவுக்கு மைக்செட் போடும் நண்பரிடம், கையில் பிடித்துப் பாடுகிற மைக் ஒன்றை இரவல் வாங்கினேன். கிடாரின் நடு ஓட்டைக்கு நேரே, முத்தம் கொடுக்கிற தூரத்தில் வைத்தேன். சத்தம் அங்கிருந்துதானே வருகிறது என்பது என் விஞ்ஞானம். போட்டுக் கேட்டால், காலி தண்ணீர் டிரம்மை யாரோ உருட்டுவதுபோல 'தொம் தொம்' என்றது. என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "கிடார் எப்பங்க வரும்?" என்றாள்.

ரோஷம் வந்து ஆன்லைனில் கண்டென்சர் மைக் ஒன்று வாங்கினேன். மிக நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. பிடித்தது. குக்கர் விசில், தோட்டத்தில் மயில் கத்துவது, அடுத்த வீட்டில் தேங்காய் துருவுவது, எல்லாவற்றையும் பிடித்தது. என் வயிறு இவ்வளவு பேசும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அதற்கு ஸ்டாண்டு வாங்க மனம் வரவில்லை. ஏதோ ஸ்டூடியோ படத்தில் மைக் மேலிருந்து தொங்குவதைப் பார்த்திருந்தேன். எங்கள் ஹால் கூரையில், முன்பு குடியிருந்தவர்கள் தொட்டில் கட்டிய கொக்கி ஒன்று இருந்தது. மெயின்டனன்ஸ்காரன் கையில் பைப்பும் கிளாம்பும் கிடைத்தால் சும்மா இருப்பானா? கயிறு என்றால் ஆடும் என்று, ஒரு இரும்புப் பைப்பைக் கொக்கியோடு சேர்த்து முடுக்கி, கீழ்முனையில் மைக்கை இறுக்கினேன். நானே தொங்கினாலும் அசையாது. ஃபேனை நிறுத்தி, சட்டையைக் கழற்றிப் போட்டு, தோளில் துண்டோடு வாசித்தேன். பிரமாதமாக வாசித்ததாக நினைப்பு.

போட்டுக் கேட்டேன். கிடாருக்கு நடுவே, 'டொக்... சர்ர்ர்... டொக்'. மறுபடி வாசித்தேன். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி 'டொக்... சர்ர்ர்'. இடி இடிப்பதுபோல.

மேல்வீடு! நாங்கள் வந்த நாளிலிருந்து பூட்டிக் கிடந்த வீடு, அந்த வாரம்தான் திறந்திருந்தது. புதன்கிழமை மத்தியானம் விறுவிறுவென்று மாடி ஏறினேன். ஒரு அம்மாள் கதவைத் திறந்தார். நான் வாசற்படியிலேயே நின்று சொன்னேன்.

"கீழ்வீட்டுலேர்ந்து வர்றேங்க. ரெக்கார்டிங் போயிட்டிருக்கு. மேல ஏதோ இடிக்கிற சத்தம் கேக்குது. ஞாயித்துக்கிழமை வரைக்கும் கொஞ்சம் நிறுத்தி வெச்சீங்கன்னா உதவியா இருக்கும்."

"ரெக்கார்டிங்குன்னா... ரேடியோவுக்குங்களா சார்?"

"அந்த மாதிரிதான்" என்றேன். இரண்டே வார்த்தை. ஒரு கல்யாண வீடியோவை ரேடியோ நிலையமாக்க எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அந்த அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல் முந்திக்கொண்டது. "சரின்னு சொல்லும்மா. நாலு நாள்தானே. பெரிய காரியம் பண்ணிகினு இருக்காரு போல."

அதற்குப் பிறகு மேலே ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "எப்படிப் பேசணுமோ அப்படிப் பேசினா கேப்பாங்க" என்று மனைவியிடம் அளந்தேன்.

ஞாயிறு காலை வேலை முடிந்தது. நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று, பண்ருட்டியில் வாங்கி வைத்திருந்த முந்திரிப் பொட்டலத்தோடு மேலே போனேன். கதவு திறந்தே இருந்தது. கட்டிலில் என் வயதுக்காரர் ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வலது முழங்காலில் நீளமாகத் தையல் தழும்பு. சுவரோரம், நான்கு கால் அலுமினிய வாக்கர்.

"வாங்க சார், ரேடியோவுல எப்ப வரும்?" என்றார்.

பொட்டலத்தை நீட்டிவிட்டு, காலுக்கு என்ன என்று பேச்சை மாற்றினேன். கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வந்தது. அவரும் மைன்ஸில்தான், பெல்ட் ஆபரேட்டர். பைக்கில் போகும்போது நாய் குறுக்கே வந்ததில் விழுந்து, முழங்கால் சில்லு உடைந்து ஆபரேஷன். முத்தாண்டிக்குப்பத்தில் மாமனார் வீட்டில் இரண்டு மாதம் கிடந்துவிட்டு அந்த வாரம்தான் திரும்பியிருக்கிறார். மறுநாள் திங்கட்கிழமை மெடிக்கல் ஃபிட்னஸ். வாக்கர் இல்லாமல் நடந்து காட்டினால்தான் டியூட்டியில் சேரலாம்.

"மணிக்கு ஒருவாட்டி வூட்டுக்குள்ளாறயே நடந்து பழகணும்னாங்க சார்" என்றார் கதவைத் திறந்த அந்த அம்மாள், அவருடைய மனைவி. "நீங்க வந்துட்டுப் போனதுலேர்ந்து கட்டிலை வுட்டு எறங்கல. பாத்ரூமுக்குக்கூட வாக்கரைத் தொடாம, என் தோளைப் புடிச்சிகினு நொண்டிகினுதான் போறாரு."

"ஏ, சும்மா இரு. சாருகிட்ட அதெல்லாம் எதுக்கு?" என்றார் அவர்.

ரேடியோ இல்லை, கல்யாண வீடியோ என்பதை ஒப்புக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. "கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிதா?" என்று கேட்டார். பிறகு நெற்றியைச் சுருக்கினார்.

"ஆனா ஒண்ணு சார். வாக்கர் காலுக்கு ரப்பர் போட்டிருக்கு. அடுப்படியில நிக்கிற இவளுக்கே கேக்காது. உங்களுக்கு எப்படி இடி மாதிரி கேட்டுது? மைக்கை எங்க வெச்சிருந்தீங்க?"

கொக்கி, பைப்பு, கிளாம்பு எல்லாவற்றையும் விளக்கினேன். விளக்கத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கும்.

"அந்தக் கொக்கி எங்க வூட்டுத் தரைக்கு அடியிலதானே சார் இருக்கு? பேரிங்குக்குக் கம்பி வெச்சிக் கேக்குறாப்ல, எங்க வூட்டுக்கே கம்பி வெச்சிட்டீங்களே!"

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்ததில் முழங்கால் ஆடி "அய்யோ" என்று கத்தினார், மறுபடியும் சிரித்தார். இருபது வருடம் கம்பி வைத்துக் கேட்டவன் நான். கண்டுபிடித்தது கட்டிலில் கிடந்த மனிதர். அவர் சத்தம் போடவே இல்லை. அவருடைய காலடியை என் மைக்குக்குள் கொண்டுவந்து கொட்டியது நான் முடுக்கிய பைப்பு.

"நீங்க நடங்க சார், நடங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடினேன். பைப்பைக் கழற்றி எறிந்தேன். நாற்காலியில் ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு, மேலே தலையணை, அதன்மேல் மைக். இந்த முறை ஓட்டைக்கு நேரே வைக்காமல், கிடாரின் கழுத்து உடம்போடு சேருகிற இடத்தைப் பார்த்து, ஒரு முழம் தள்ளி வைத்தேன். மேலே அவர் நடக்க, கீழே நான் வாசித்தேன். கேட்டால், மேல்வீடு இருந்த இடமே தெரியவில்லை. கிடாரும் ஒருவழியாகக் கிடார் மாதிரி இருந்தது. மொத்தம் பத்து நிமிட வேலை. இதைச் செய்யத் தெரியாமல் ஒரு மனிதரின் நான்கு நாள் நடையைப் பறித்து வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை என் காரில் நானே அவரைக் கூட்டிப்போனேன். நான்கு நாள் மடக்காமல் கிடந்த முழங்கால் இறுகிப்போயிருந்தது. ஏழெட்டு அடி நடந்தார். திரும்பும்போது தடுமாறிச் சுவரைப் பிடித்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

திரும்பி வரும்போது, வீடு நெருங்குகையில் அவர்தான், "ரெண்டு வாரம்தானே சார். ஓடிப்போயிடும்" என்றார். மேலே போனதும் அந்த அம்மாள் எனக்கு டீ போட்டுக் கொடுத்து, "சக்கரை போதுமா சார்?" என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

அந்த இரண்டு வாரமும் ஷிப்ட் முடிந்து வந்ததும் கிடாரோடு மாடிக்குப் போய்விடுவேன். நான் தாளம் பிடிக்க, அவர் ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடப்பார். கொஞ்சம் உற்சாகத்தில் வேகம் கூட்டினால், "சார், இது ரெண்டு காலும் நல்லா இருக்கறவன் தாளம். எறக்குங்க" என்பார். முதலில் வாக்கர் போயிற்று. பிறகு சுவரைப் பிடிப்பது போயிற்று. இரண்டாவது முறை போனபோது கைவீசி நடந்து, கேட்காமலேயே ஒருமுறை திரும்பியும் நடந்து காட்டினாராம். அந்த வாரமே டியூட்டியில் சேர்ந்துவிட்டார்.

கல்யாண வீடியோவில் என் கிடார் மொத்தம் பதினோரு வினாடி வருகிறது. அதுவும் சாப்பாட்டுப் பந்தி காட்சியில், அப்பளம் நொறுங்குகிற சத்தத்துக்கு அடியில்.

நான்கு நாள் வீணானது என்னால்தான் என்று அவரோ அந்த அம்மாளோ இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. வீட்டிலும் வேலையிலும் திட்டு வாங்கிய எத்தனையோ தப்புகளை நான் சுத்தமாக மறந்துவிட்டேன். யாரும் திட்டாமல் விட்டுவிட்ட இந்த ஒரு தப்பு மட்டும் மறக்கவே மாட்டேன் என்கிறது.