முயலின் இடது கண்

என் மாமா லிஃப்ட் ஓட்டுகிறார். அம்மாவுக்குத் தம்பி. ஐந்து மாடியுள்ள பழைய அலுவலகக் கட்டடம், அதைவிடப் பழைய லிஃப்ட். கம்பிக் கதவைக் கையால் இழுத்துச் சாத்த வேண்டும். கொண்டி ‘டக்’கென்று விழுந்தால்தான் அது நகரும். உள்ளே ஒரு முக்காலி, அதன்மேல் மாமா, அவர் மடியில் உல்லன் நூல், கையில் கொக்கி முனையுள்ள குரோஷா ஊசி.

புதிதாக ஏறுகிறவர்கள் கொஞ்சம் முழிப்பார்கள். பெரிய மீசையும் காக்கிச் சட்டையுமாக ஓர் ஆள் முயலுக்குக் காது பின்னிக்கொண்டிருந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

லிஃப்டுக்குள் சிகரெட் பிடிக்கக் கூடாது என்று மேனேஜர் சொன்னார். எங்கேயுமே பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ஊசியையும் நூலையும் மாமா கையில் கொடுத்துவிட்டார். இப்படித்தான் ஆரம்பித்தது. அத்தை பின்னுவது லேஸ். மேசை விரிப்பின் ஓரம், குழந்தைச் சட்டையின் கழுத்துப்பட்டி எல்லாம் மெல்லிய வெள்ளை நூலில் சின்னச் சின்ன விசிறிகளாக வரும். மாமாவின் தடித்த விரல்களுக்கு அது வராது என்பதால் பொம்மைக்கு மாறினார். முதலில் செய்தது யானை. நான்காவது மாடி ஆடிட்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “உருளைக்கிழங்குக்கு எதுக்குப்பா வாலு?” என்று கேட்டாராம். அதற்கப்புறம் மாமா யானை பக்கமே போகவில்லை.

மாமா எதற்கெல்லாம் பயப்படுவார் என்று எழுதினால் தாள் போதாது. வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டைப் பிடித்துத் தொங்குவார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் தொங்குவார். கட்டடத்தில் தன் சொந்த வேலையாக மேலே போக வேண்டுமென்றால் படியேறித்தான் போவார். “ஏன் மாமா, லிஃப்ட்ல போகலாம்ல?” என்றால், “அத ஓட்டுறவனுக்குத்தான் தெரியும் அதப்பத்தி” என்பார்.

பொம்மை விஷயத்திலும் அவருக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. உடம்பு, காது, கால் எல்லாம் லிஃப்டில் பின்னலாம். கண் மட்டும் வீட்டில்தான். மேசையில் வைத்து, விளக்கைக் கிட்டே இழுத்து, அத்தை பக்கத்தில் இருக்கும்போதுதான் வைப்பார்.

அந்தக் கண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பார்க்கக் கறுப்பு மணி மாதிரி இருக்கும், பின்னால் ஒரு குட்டித் தண்டு. பின்னல் ஓட்டை வழியாகத் தண்டை உள்ளே விட்டு, தலைக்குள் இருந்து ஒரு வெள்ளை வாஷரை அதில் மாட்டி அழுத்த வேண்டும். ‘டக்’கென்று ஒரு சத்தம் வரும். அப்புறம் யார் இழுத்தாலும் வராது. ஆனால் பஞ்சை அடைத்துத் தலையை மூடிவிட்டால் உள்ளே வாஷர் இருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து தெரியாது. வாஷர் இல்லாத கண்ணும் கொஞ்ச நாள் ஒழுங்காகத்தான் நிற்கும்.

நான் பள்ளிக்கூடம் முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறேன். ‘அடுத்து என்ன?’ என்ற கேள்வியிலிருந்து தப்பிக்க, மாமாவுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோகும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு மாமா வீட்டுக்குப் போனபோது அத்தை அவருடைய காக்கிப் பேன்ட்டைத் துவைக்கப் போடுவதற்கு முன் உதறிக்கொண்டிருந்தார். கால் மடிப்பிலிருந்து சிகரெட் தூளெல்லாம் இப்போது வருவதில்லை, நூல் பிசிறுதான் வரும். அன்று நூலோடு வெள்ளையாக ஏதோ விழுந்து தரையில் உருண்டது. எடுத்துப் பார்த்தார். வாஷர்.

“லிஃப்ட்ல கண்ணு வச்சாரா?” என்றார் என்னிடம்.

“நேத்து ஒரு முயலுக்கு வச்சார் அத்தை. நான் பார்த்தேன்.”

அத்தை அதை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். “சாப்பாட்டக் குடுக்கறதுக்கு முன்னாடி இதக் குடு. சாப்பிட்டப்புறம் குடுக்காத.”

முந்தின நாள் நடந்தது இதுதான். மூன்றாவது மாடியில் குழந்தை டாக்டர் இருக்கிறார். ஊசி போட வந்த ஒரு பெண்ணின் கைக்குழந்தை லிஃப்டே அதிரும்படி அழுதது. மாமாவின் முக்காலிக்குக் கீழே கண் வைக்காத ஒரு முயல் இருந்தது. கழுத்தில் அத்தை பின்னிய லேஸ் பட்டி. குழந்தை அந்தப் பட்டியின் ஓட்டைக்குள் விரலை விட்டுக்கொண்டு அழுகையை நிறுத்தியது. மேலே போய்ச் சேர்ந்து முயலை விடுவித்ததும் மறுபடியும் ஆரம்பித்தது. “கீழ வரும்போது வாங்கிக்கம்மா, கண்ணு வச்சுத் தரேன்” என்று மாமா வாக்குக் கொடுத்துவிட்டார். வீட்டுக்குப் போய் வைக்க நேரமில்லை. பையில் கண் பொட்டலம் இருந்தது. வலது கண்ணை வைத்தார். இடது கண்ணை வைக்கும்போது இரண்டாவது மாடியிலிருந்து மணி அடித்தது. எழுந்தார், கதவைச் சாத்தினார், போனார், வந்தார், பஞ்சை அடைத்துத் தலையை மூடித் தைத்தார். அந்தப் பெண் போகும்போது காசு கொடுக்கப் பார்த்தாள். மாமா வாங்கவில்லை.

நான் போனபோது லிஃப்டில் ஆடிட்டரும் இன்னொருவரும் இருந்தார்கள். வாஷரை மாமாவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை, வெறுமனே பார்த்தார். லிஃப்ட் நான்காவது மாடியைத் தாண்டியது.

“என்னப்பா, மொட்டை மாடியில கொண்டுபோய் விடப் போறியா?” என்றார் ஆடிட்டர்.

மாமா இறக்கினார், அவர்களை விட்டார், கதவை இழுத்துச் சாத்தினார். கொண்டி ‘டக்’கென்றது. மாமாவின் முகம் மாறிவிட்டது. மறுபடியும் திறந்து சாத்தினார். டக்.

“ரெண்டு தடவ கேட்டுச்சுன்னு நெனச்சேனே” என்றார். “ரெண்டாவது கேட்டது கதவு. கதவோட சத்தம்.”

“வேற பொம்மையோட வாஷரா இருக்கலாம்ல மாமா?”

“வேற எதுக்கும் நான் இங்க கண்ணு வைக்கலியே.”

மூன்றாவது மாடிக்குப் போனோம். டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் அக்கா நல்ல மாதிரி. ஆனால் மாமா சொன்னதைக் கேட்டதும் கையைப் பிசைந்தார். “யாரோட விலாசத்தையும் குடுக்கக் கூடாதுண்ணே. டாக்டர் கத்துவார்.”

“விலாசம் வேணாம். நீயே போன் போடும்மா. அந்த முயல எடுத்து மேல வைக்கச் சொல்லு. அவ்வளவுதான்.”

மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இன்னொரு முறை போட்டார். எடுக்கவில்லை.

“ஏன் எடுக்கல?” என்றார் மாமா.

“வீட்டு வேலையா இருப்பாங்கண்ணே.”

“எடுக்க முடியாம இருந்தா?”

அக்கா மூன்றாவது முறை போட்டுக் காதில் வைத்துக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: “பழைய அச்சகம் இருக்குற தெரு. சலவைக்கடைக்கு மேல மாடி. நான் சொன்னேன்னு யாருகிட்டயும் சொல்லிராதீங்க.”

மாமா வேலை நேரத்தில் லிஃப்டை விட்டு வந்து நான் பார்த்ததில்லை. ‘வேலை செய்யவில்லை’ என்ற அட்டையைக் கம்பிக் கதவில் மாட்டினார். வாசலில் நின்ற காவலாளி, “நல்லாத்தானே ஓடிச்சு?” என்றார்.

“அது நல்லாத்தான் இருக்கு. நான்தான் சரியில்ல” என்று சொல்லிக்கொண்டே என் சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

நாள் பூரா மேலும் கீழும் போகிற மனிதருக்குக் குறுக்கே போவது பழக்கமில்லை. “லாரி... லாரி வருது. ஓரமாப் போ. நாய் பாரு.” என் இரண்டு தோளையும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

“மாமா, நீங்க பிடிக்கிற பிடியில சைக்கிள் நின்னுரும் போல இருக்கு.”

“நிக்காத. நிக்காம போ. மெதுவாவும் போகாத.”

பாலத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆம்புலன்ஸ் எங்களுக்கு எதிரே வந்து கத்திக்கொண்டே கடந்து போனது. மாமாவின் விரல்கள் என் தோளில் பதிந்தன. “அது எந்தத் தெருவுலேர்ந்து வருது?” என்றார். எனக்கு எப்படித் தெரியும்? “ஆஸ்பத்திரிப் பக்கம்தான் போகுது மாமா” என்று சொல்லிவிட்டேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது ஆறுதல் இல்லை என்று புரிந்தது. அதற்கப்புறம் அவர் லாரியைப் பற்றிக்கூடப் பேசவில்லை.

சலவைக்கடைக்குப் பக்கவாட்டில் இரும்புப் படி. மாமா இரண்டு இரண்டாக ஏறினார். மேலே கதவு சாத்தியிருந்தது. தட்டினார். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது, குழந்தையின் சத்தம் இல்லை. மறுபடியும் தட்டினார், அப்புறம் இரண்டு கையாலும் தட்டினார்.

தண்ணீர் நின்றது. முழங்கை வரை சோப்பு நுரையோடு அந்தப் பெண் கதவைத் திறந்தாள். “யாரு? அட, லிஃப்ட் அண்ணாவா?”

மாமாவுக்கு மூச்சு வாங்கியது. “முயல்” என்றார். “முயல் எங்கம்மா?”

குழந்தை தரையில் விரிப்பின்மேல் கிடந்தது. முயலின் முகத்தில் பாதி அதன் வாய்க்குள் இருந்தது. மாமா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய், குனிந்து, வாயிலிருந்து முயலைப் பிடுங்கினார். குழந்தை ஒரு நொடி அவர் மீசையைப் பார்த்துவிட்டு வீறிட்டது.

“என்னண்ணா பண்றீங்க? குழந்தை கையில இருக்கிறதப் போயி...”

மாமா முயலைத் திருப்பிக் காட்டினார். எச்சிலில் ஊறிய முகம். வலது கண் நேராக இருந்தது. இடது கண் சாய்ந்து நின்றது. அவர் அதை இழுக்கவில்லை, விரல் நுனியால் தொட்டார். அது வெளியே வந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது.

யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. உள்ளங்கையைப் பார்த்தாள், குழந்தையின் வாயைப் பார்த்தாள், அப்படியே உட்கார்ந்து குழந்தையை நுரைக் கையோடு அள்ளிக்கொண்டாள்.

“ராத்திரி பூரா இத வாயில வச்சுக்கிட்டுத்தான் தூங்குனான்” என்றாள்.

“அதான்மா ஓடி வந்தேன்.”

“வராம இருந்திருந்தா?”

மாமா வாஷரைக் காட்டினார். மணி அடித்ததையும் கதவுச் சத்தத்தையும் சொன்னார். நானும் சொல்ல ஆரம்பித்தேன், அவள் நிறுத்தினாள்.

“சத்தம் கேட்டாப் போதுமா? இழுத்துப் பார்க்க மாட்டீங்களா?”

“மணி அடிச்சுதும்மா.”

“அடிக்கட்டுமே! ரெண்டு நிமிஷம் நின்னா அவங்க செத்தா போயிருவாங்க? எம்புள்ள...” மேலே சொல்லாமல் கதவைக் கைகாட்டினாள். “எடுத்துட்டுப் போங்க.”

எங்களுக்குப் பின்னால் கதவு மூடியது. உள்ளே குழந்தை அடித்தொண்டையிலிருந்து அழுதது. கதவு மூடும் முன் அது முயலை நோக்கிக் கை நீட்டியதை நாங்கள் இருவரும் பார்த்தோம்.

போய்விடலாம் என்றேன். மாமா மேல்படியில் உட்கார்ந்துகொண்டார். சட்டைப்பையிலிருந்து தையல் ஊசியையும் நூலையும் கத்தரியையும் எடுத்தார். கழுத்துத் தையலைப் பிரித்துப் பஞ்சை வெளியே எடுத்தார். நன்றாக இருந்த வலது கண்ணையும் எடுக்க முயன்றார், வரவில்லை. வாஷரைக் கத்தரியால் நெம்பி, உடைத்து, சுற்றியுள்ள பின்னலைக் கிழித்துத்தான் எடுக்க முடிந்தது. சரியாக வைத்த கண் எவ்வளவு கெட்டி என்று அப்போதுதான் பார்த்தேன். கறுப்பு நூல் இரண்டு முறை ஊசிக் காதைத் தவறியது. நான் கோத்துக் கொடுத்தேன். கிழிந்த இடத்தை மூடித் தைத்து, அதன்மேல் வளைவாக ஒரு கோடு, இன்னொரு பக்கம் இன்னொரு கோடு. தூங்குகிற முயல். ஒவ்வொரு தையலையும் போட்டுவிட்டு இழுத்துப் பார்த்தார், இழுத்துவிட்டு நகத்தால் நெம்பினார்.

பாதியில் கதவு திறந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நின்று பார்த்தாள். மாமா பஞ்சை அடைத்து, கழுத்தை மூடித் தைத்து நீட்டினார்.

அவள் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு முயலை வாங்கினாள். கண் கோட்டை இழுத்தாள். காதை முறுக்கினாள். லேஸ் பட்டியின் ஒவ்வொரு விசிறியையும் விரலில் மாட்டி இழுத்தாள். கடைசியில் முகத்தைப் பல்லில் கடித்துத் தலையைப் பின்னால் வெட்டினாள். எதுவும் வரவில்லை.

“தூங்குது” என்றாள்.

“தூங்கட்டும்மா.”

குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, முயலோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் அழுகை கேட்டது. திடீரென்று நின்றது.

நான் இரண்டு படி இறங்கிவிட்டேன். மாமா நகரவில்லை. அழுகை ஏன் நின்றது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். கதவோடு காதை ஒட்டிவைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். கீழே சலவைக்கடைக்காரர் வெளியே வந்து, “யாருங்க அது, கதவுல என்ன வேலை?” என்று அதட்டினார். மாமா அவரைப் பார்த்து வாயில் விரலை வைத்தார்.

உள்ளே எதையோ சப்பிக்கொண்டே குழந்தை தனக்குத்தானே பேசிக்கொள்ளும் சத்தம் வந்தது. மாமா அதை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் படியிறங்கினார்.