வைவாவில் தொலைந்த ரூட் டூ

தேனியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டே பகுதி நேரமாகப் பிஎச்.டி. செய்தவள் நான். ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் வைவா என்னும் வாய்மொழித் தேர்வு வந்தது. எங்கள் பக்கம் வைவா என்றால் பாதிக் கல்யாணம். முடிவு தெரியும் முன்பே டிபன் வந்து இறங்கிவிடும். என் கணவர் ஓடைப்பட்டித் தோட்டத்துத் திராட்சையோடு என் மாமியாரையும் அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார்.

வீட்டில் ஏற்கெனவே விளக்கியிருந்தேன். திராட்சைக்கு மருந்தடித்த பின் மழை பெய்வதும், மழைக்குப் பின் மருந்தடிப்பதும் ஒன்றல்ல. சில குவாண்டம் ஆபரேட்டர்களும் அப்படித்தான், வரிசை மாறினால் விடை மாறும். அவற்றை அதிகப் பரிமாணம் உள்ள பெரிய ஸ்பேஸுக்கு நீட்டினால், எந்த வரிசையிலும் ஒரே விடை வரும்படி ஒத்துப்போக வைக்கலாம். திரும்பச் சிறிய ஸ்பேஸுக்கு வெட்டினால் பழைய ஆபரேட்டர்களே கிடைக்க வேண்டும். இதுதான் என் தீசிஸ்.

எக்ஸ்டர்னலாக, அதாவது வெளியிலிருந்து தேர்வாளராக வந்தவர் மதுரைக்காரர். "தீசிஸ் கெடக்கட்டும்மா. ரெண்டுக்கு ரெண்டு மேட்ரிக்ஸ்ல ஒரு ஜோடி எடுத்துப் போர்டுல காட்டுங்க" என்றார்.

எக்ஸ், இசட் என்ற ஜோடியை எழுதினேன். வரிசை மாற்றினால் ஒரு மைனஸ் வரும். பக்கத்தில் அதே போல இன்னொரு ஜோடியைச் சேர்த்தேன். அங்கும் ஒரு மைனஸ். இரண்டும் பெருக்கிப் பிளஸ் ஆகி, பெரிய ஸ்பேஸில் ஒத்துப்போயின.

"சரி, வெட்டுங்க."

வெட்டினேன்.

"எக்ஸ் வரலையேம்மா. அதை ரூட் டூவால வகுத்ததுல்ல நிக்குது? பழசு எங்கன?"

இது போனால் இத்தனை வருட உழைப்பும் போச்சு. பின்னாலிருந்து வடை வாசம் வேறு.

போர்டை முதல் வரியிலிருந்து மறுபடி பார்த்தேன். வகுப்பில் எதைக் கண்டாலும் அளவை ஒன்றாக்கி நார்மலைஸ் செய்தே பழகிய கை, பெரிய ஆபரேட்டர்களின் அளவையும் ஒன்று என்று எழுதியிருந்தது! தீசிஸில் இருந்த ரூட் டூ போர்டில் இல்லை. பெரிய ஆபரேட்டர்கள் இரண்டின் முன்னாலும் அதைப் போட்டேன். ஒத்துப்போவது மாறவில்லை. வெட்டினேன். எக்ஸ் முழுசாக வந்தது, இசட்டும் வந்தது. எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

"அளவை ஒன்னாவே வச்சு முடியாதா?"

"முடியாது சார். ஒத்துப்போகணும்னா இவ்வளவாவது பெருசாகணும்."

அவர் சிரித்தபடி கை தட்டினார்.

மாமியார் எழுந்தே விட்டார். "ஏத்தா, அந்த ஐயா சிரிச்சுட்டாகல்ல, டிபனப் பிரிக்கச் சொல்லவா?"

கணவர் என் காதருகே வந்தார். "நீயும் ஆத்தாவும் ஒத்துப்போக வீட்டுக்கு மேல மாடி எடுத்தோமே, அந்தக் கணக்குத்தான?"

அதே கணக்குத்தான். இளைய ஆசிரியர்களே, இரண்டை ஒத்துப்போக வைக்க இடத்தைப் பெரிதாக்கினால், அளவும் கூடும். பழக்கதோஷத்தில் அதை ஒன்று என்று எழுதிவிடாதீர்கள்.