புளியடி ஒழுங்கைக்காக ஒரு கையெழுத்து

ஜெமீலாவுக்கு நான் வாய் திறந்து ஒழுங்காக ஒரு நன்றி சொன்னதில்லை. எனக்குக் கோபம் உடனே வரும், நல்ல வார்த்தை வர நாளாகும். ஆகவே இதை எழுதியாவது மனப்பாரத்தைக் குறைத்துக்கொள்கிறேன்.

அது 2007ஆம் ஆண்டு. திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் ஒரு நிவாரண அலுவலகத்தில் நான் எழுதுநர். போரினால் சம்பூர்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து, நகரிலும் சுற்றூர்களிலும் சொந்தக்காரர் வீடுகளில் ஒதுங்கியிருந்த குடும்பங்களின் விபரங்களைக் கொழும்புத் தலைமை அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் பதிவதுதான் என் வேலை. பதிந்தால் அட்டை வரும். அட்டை இருந்தால் மாதாமாதம் அரிசி, கோதுமை மா, பருப்பு கிடைக்கும். பட்டியல் வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு மூடப்படும் என்று கொழும்பிலிருந்து கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். தவறினால் இன்னும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

இந்த இலட்சணத்தில் எங்கள் இன்டர்நெட் ஆமையாக ஊர்ந்தது. ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்து முடிக்கலாம். அதிலும் சில குடும்பங்களின் படிவம் எத்தனை தரம் அனுப்பினாலும் போகாது. அப்படியே நிற்கும், நிற்கும், பிறகு பக்கமே செத்துப்போகும். நான் மேசையில் குத்துவேன், கொம்பியூட்டரைத் திட்டுவேன், அதுவும் போதாமல் எதிரில் நிற்கிற மனிதரைத் திட்டுவேன். அந்தக் கிழமை முழுவதும் என்னிடம் ஏச்சு வாங்கியவர் கமலேஸ்வரி அம்மா.

அவர் சம்பூரில் புளியடி ஒழுங்கை என்ற சிறு தெருக்காரர். சல்லிக் கிராமத்தில் தங்கச்சி வீட்டில் தங்கியிருந்தார். ஒவ்வொரு நாளும் பஸ் ஏறி வந்து என் கதிரைக்கு முன்னால் நிற்பார்.

"பிள்ளை, எங்கட பேர் ஏறிட்டுதோ?"

"இல்லையம்மா. லைன் ஸ்லோ. நாளைக்குப் பாப்பம்."

"நேற்றும் இதைத்தானே சொன்னீங்கள்?"

"அதுக்கு நான் என்ன செய்யிறது? ஒவ்வொரு நாளும் வந்து நிண்டா பேர் ஏறிடுமோ?" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் கோபிக்கவில்லை. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "தங்கச்சி வீட்டில இப்ப பதினொரு பேர் சாப்பிடினம், பிள்ளை. தங்கச்சி ஒண்டும் சொல்லமாட்டாள். அவள்ட மனுசன் நேற்றுச் சோத்துக் கோப்பையைத் தள்ளிப்போட்டு எழும்பிப் போனார். எங்களுக்கெண்டு அரிசி வந்தாத்தான் அங்க இருக்க ஏலும்."

சீ, எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை.

தொலைபேசிக் கம்பனிக்காரர் வந்து பார்த்துவிட்டு, லைனில் குறையில்லை என்று போய்விட்டார்கள். எங்கள் முகாமையாளர் ஆனந்தராசா சேர் கடைசியில் கிண்ணியாவிலிருந்து, இன்டர்நெட் திருத்தத் தெரிந்த ஜெமீலாவைக் கூப்பிட்டார். வியாழன் காலை அவள் வந்து சேர்ந்தபோது மணி பத்தரை. பாதை பிந்திவிட்டது என்றாள். கிண்ணியாவுக்கு அப்போது பாலமில்லை. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவையைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்போம். இந்தச் சின்னப் பெட்டை என்ன கிழிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். முகத்திலும் அது தெரிந்திருக்கும்.

அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயதிருக்கும். தகப்பன் அபூதாஹிர் மீன் வியாபாரி. சுனாமியில் வீடு, லொறி எல்லாம் போனது. அதன்பிறகு வந்திறங்கிய வெளிநாட்டு உதவிக்காரர்களிடம் முதலில் மொழிபெயர்க்கப் போனவள், அவர்களுடைய வயர்களைத் தூக்கிக்கொடுத்து, பிறகு தானே பொருத்தி, பிறகு அவர்களுக்கே பிழை கண்டுபிடித்துக் கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். "கேட்டுக் கேட்டுப் படிச்சதுதான் அக்கா. கேள்வி கேக்க எனக்கு வெக்கமில்ல," என்பாள். அவள் உழைப்பில்தான் வாப்பா மறுபடி லொறி எடுத்தார் என்று பின்னால் அறிந்தேன்.

அவள் வந்தவுடன் எதையும் கழற்றவில்லை. தன் மடிக்கணினியை நேரே வெளி லைனில் செருகினாள். பக்கங்கள் பட்டுப்பட்டென்று திறந்தன. அதையே எங்கள் ஃபயர்வோலுக்குப் பின்னால் செருகினாள். ஆமை.

"லைன் நல்லா இரிக்கு. இந்தப் பெட்டிதான் புடிச்சு வெச்சிரிக்கு," என்றாள்.

அந்தப் பெட்டியின் வேலை எங்களூர்ச் சோதனைச்சாவடியின் வேலைதான். உள்ளே வருவதையும் வெளியே போவதையும் மறித்துப் பார்த்து விடும்.

"அப்ப உங்கட கணினியிலயே வெளியால அனுப்பிவிடுவம், தங்கச்சி," என்றேன்.

"ஏலாது அக்கா. இந்தப் பெட்டிக்குள்ளால வாற ஆக்களுக்கு மட்டும்தான் கொழும்புப் பக்கம் தொறக்கும்."

பெட்டிக்குள் எதையோ திறந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி, போன படிவங்களை ஒரு பக்கமும் போகாதவற்றை ஒரு பக்கமும் அடுக்கச் சொன்னாள். வேலை நேரத்தில் கடுதாசி அடுக்குவதா என்று முணுமுணுத்துக்கொண்டே அடுக்கினேன். போனவை நூற்றுத் தொண்ணூறு. போகாதவை நாற்பத்தொன்று.

அவள் நாற்பத்தொன்றை மட்டும் கையில் எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பாதியில் நிறுத்திவிட்டு, "அக்கா, இந்த ஆக்கள் எல்லாரும் ஒரே ஒழுங்கையா?" என்று கேட்டாள்.

பார்த்தேன். ஐயோ, ஆமாம்! ஒன்று தவறாமல் எல்லாம் புளியடி ஒழுங்கை. நாலு நாளாக அதே கடுதாசிகளோடு மல்லுக்கட்டிய எனக்கு அது கண்ணில் படவேயில்லை.

ஜெமீலா திரையை என் பக்கம் திருப்பினாள். பெட்டிக்குள் ஒரு சொற்பட்டியல் இருந்தது. போகிற வருகிற ஒவ்வொரு பக்கத்தையும் அது எழுத்தெழுத்தாக வாசித்து, பட்டியலில் உள்ள சொல் அகப்பட்டால் ஒன்றும் சொல்லாமல் அப்படியே அமுக்கிவிடும். எல்லாவற்றையும் வாசிப்பதால்தான் எல்லாம் தாமதம். பட்டியலில் முதலாவது சொல், ஆங்கில எழுத்தில், புலி. ஆங்கிலத்தில் நமது லகரத்துக்கும் ளகரத்துக்கும் ஒரே எழுத்துத்தானே! புளியமரத்தடியில் பிறந்து வளர்ந்த நாற்பத்தொரு குடும்பத்தையும் அந்தப் பெட்டி புலி என்று மறித்து வைத்திருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனந்தராசா சேர் சிரிக்கவில்லை. பட்டியலைப் போடுவித்தவர் அவர்தான். அதற்கு முந்தின வருஷம் புலனாய்வுக்காரர் அவரை ஒரு பகல் முழுவதும் இருத்தி, உங்கள் அலுவலகத்தில் இன்டர்நெட்டில் என்ன பார்க்கிறீர்கள் என்று விசாரித்திருந்தார்கள். வீடு திரும்பிய சேர் முதல் வேலையாக அந்தப் பட்டியலைத் தன் கைப்படவே எழுதி, பெட்டியைப் பொருத்த வந்தவரிடம் கொடுத்தார். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

"எழுத்தை மாத்திப் பதிஞ்சா என்ன?" என்று கேட்டேன்.

"அரசாங்கப் பட்டியலில ஆங்கிலத்தில உள்ள மாதிரி விலாசம் இல்லாட்டி கொழும்பில தள்ளிப்போடுவாங்கள்," என்றார் சேர்.

"அப்ப சொல்லை எடுத்துவிடுவம், சேர்," என்றாள் ஜெமீலா.

சேர் அலுமாரியைத் திறந்து ஒரு கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். பெட்டியில் எதை மாற்றினாலும் யார் மாற்றியது, அடையாள அட்டை இலக்கம் என்ன, ஏன் மாற்றியது என்று அதில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். "எடுக்கலாம். ஆனா ஆர் எடுத்தது எண்டு இதில இருக்கவேணும். எனக்கு ரெண்டு குமர்ப்பிள்ளையள். என்னால ஏலாது," என்றார்.

புலி என்ற சொல்லை இன்னார் திறந்துவிட்டார் என்று ஒரு கொப்பியில் பெயர் இருந்தால், அந்தக் காலத்தில் அதன் அர்த்தம் என்னவென்று எங்கள் மூவருக்கும் தெரியும். சேர் என்னைப் பார்த்தார். படிவங்கள் என்னுடையவை, ஏச்சு வாங்கிய மனுசி என்னிடம் வந்த மனுசி, கையெழுத்து என்னுடையதாக இருந்திருக்க வேண்டும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு வாயுமில்லை, கோபமுமில்லை. மணி இரண்டே முக்கால்.

"பேனையைத் தாங்க," என்றாள் ஜெமீலா.

"தங்கச்சி, யோசிச்சுச் செய்யுங்கோ," என்றேன். போடாதே என்று சொல்ல மனம் வரவில்லை. போட்டுவிடமாட்டாளா என்றுதான் உள்ளே கிடந்து தவித்தேன். உண்மையைச் சொல்கிறேன்.

அவள் தன் பெயரை முழுதாக எழுதினாள். அடையாள அட்டையைப் பார்த்து இலக்கத்தை எழுதினாள். காரணம் என்ற இடத்தில், "இது புளியமரம். நாற்பத்தொரு குடும்பத்தின் அரிசிக்காக" என்று தமிழில் எழுதிக் கையெழுத்து வைத்தாள். பிறகு பெட்டியில் அந்தச் சொல்லை அழித்தாள். கொழும்புப் பக்கத்தை எழுத்தெழுத்தாக வாசிக்காமல் விடும்படியும் மாற்றினாள்.

முதல் படிவத்தைப் போட்டேன். கமலேஸ்வரி அம்மாவுடையது. கண்ணை மூடித் திறப்பதற்குள் "பதியப்பட்டது" என்று வந்தது. நான் கதிரையை விட்டுத் துள்ளி எழும்பிவிட்டேன். ஜெமீலா வாசிக்க வாசிக்க நான் அடித்தேன். மூன்று ஐம்பதுக்கு நாற்பத்தோராவது குடும்பமும் ஏறியது. அவள் தேத்தண்ணியும் குடிக்காமல், பாதையைப் பிடிக்க வேண்டும் என்று ஓடினாள்.

இரண்டு கிழமை கழித்து, சாதாரண உடுப்பில் இரண்டு பேர் அலுவலகத்துக்கு வந்து அந்தக் கொப்பியைப் புரட்டினார்கள். மறுநாளே ஜெமீலாவுக்கு விசாரணைக்கு வரச்சொல்லி அழைப்புப் போனது. காலை ஒன்பது மணிக்குத் தகப்பனோடு உள்ளே போனாள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. எனக்காகக்கூட நான் அவ்வளவு கடவுளைக் கூப்பிட்டதில்லை.

பின்னேரம் மூன்று மணிக்கு அவள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். முகம் வாடியிருந்தது, ஆனால் சிரித்தாள்.

"ரெண்டு எழுத்தையும் எழுதிக் காட்டினன் அக்கா. அந்த ஐயாவுக்குத் தமிழ் தெரியாது, ரெண்டும் ஒண்டுதான் எண்டார். திரும்பத் திரும்ப அதையே கேட்டார். கடைசியில புளிக்குச் சிங்களத்தில சொல்லுற பேரை, சியம்பலா, சியம்பலா மரம் எண்டன். 'அட, சியம்பலாவா?' எண்டு அவரே சிரிச்சிட்டார். போகச் சொன்னார்."

நான் எழும்பி என் கதிரையை அவளுக்கு இழுத்துப் போட்டேன்.

"அதெல்லாம் கெடக்கட்டும். அந்த நாப்பத்தொரு குடும்பத்துக்கும் அரிசி வந்துதா?" என்று கேட்டாள்.

அதற்கு முதல்நாள்தான் வந்திருந்தது. கமலேஸ்வரி அம்மா அட்டையை என் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டிவிட்டுச் சாக்கோடு போனார். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். சத்தம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

ஜெமீலாவின் முகம் மாறிவிட்டது. "அல்லாஹ்வே, வரல்லையா? எந்தப் படிவம் நிண்டது?" என்று தோளிலிருந்த பையை இறக்கி, மடிக்கணினியை வெளியே எடுக்கத் தொடங்கினாள்.

"வந்துது, பிள்ளை, வந்துது! நாப்பத்தொரு குடும்பத்துக்கும் வந்துது!" என்று நான் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கத்தினேன்.