எக்ஸ்ரே ரூம் சரோஜா அக்கா

சரோஜா அக்கா போயிட்டாங்க.

காலைல டிபன் கட்டிட்டு இருந்தப்ப அவங்க மக கவிதா போன் பண்ணா. "ஆன்ட்டி, அம்மா..." அவ்வளவுதான் சொன்னா. எனக்கு அழுகை வரல. கட்டிட்டு இருந்த டிபன் பாக்ஸை மூடி வச்சேன்.

அடுகோடில ஒரு சின்ன நர்சிங் ஹோம். அக்கா எக்ஸ்ரே டெக்னீஷியன், நான் நர்ஸ். பதினேழு வருஷம் ஒண்ணா வேலை பார்த்தோம், ஒரே டிபன் பாக்ஸ்ல சாப்பிட்டோம்.

அவங்களுக்கு அறுபத்தொண்ணு இருக்கும்போது பஸ்ல இருந்து இறங்கறப்ப கை ஊனி விழுந்தாங்க. மணிக்கட்டு உடைஞ்சுது. வலியோட நேரா டூட்டிக்கு வந்து, இன்னொரு டெக்னீஷியன்கிட்ட கையை இப்படித் திருப்பு, அப்படி வைன்னு அவங்களே சொல்லி படம் எடுக்க வச்சாங்க.

ஃபிலிமை லைட்ல வச்சு ரொம்ப நேரம் பார்த்தாங்க. வெள்ளையா தெரிய வேண்டிய எலும்பு சாம்பல் கலர்ல இருந்துச்சு.

"பாருடி, கரையான் அரிச்ச மாதிரி இருக்கு"ன்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்..

டாக்டர் எழுதிக் கொடுத்த கால்சியம் மாத்திரையை ஒரு வாரம் போட்டாங்க. அப்புறம் வயிறு மந்தமா இருக்குன்னு விட்டுட்டாங்க.

ரெண்டு வருஷம் கழிச்சு, வலது முட்டி வலின்னு வந்த ஒரு பெரியவருக்கு இடது முட்டியைப் படம் எடுத்துட்டாங்க. டாக்டர் திருப்பி அனுப்பினார். மறுபடியும் இடதையே எடுத்துக் கொடுத்தாங்க.

அன்னைக்கு சாயங்காலம் டிரெஸ்ஸிங் ரூம் கதவைச் சாத்திட்டு என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. "எக்ஸ்ரே ரூமுக்குள்ள போறேன். மிஷின் முன்னாடி நிக்கறேன். அடுத்து என்ன செய்யணும்னு தெரியல. யார்கிட்டயும் சொல்லாதடி."

நான் சொல்லல. ஆறு மாசம் சொல்லல. ஒவ்வொரு பேஷன்ட் உள்ள போகும்போதும் சீட்டுல எந்தக் கை, எந்தக் கால்னு நானே பெரிசா எழுதி அனுப்பினேன். அது உதவின்னு நினைச்சேன்... கவிதாகிட்டயாவது சொல்லியிருக்கலாம்.

அப்புறம் எல்லாருக்குமே தெரிஞ்சுடுச்சு. டிமென்ஷியான்னு சொன்னாங்க. வேலையை விட்டு ஒக்கலிபுரத்துல வீட்டோட இருந்தாங்க.

எலும்புக்கும் ஞாபகத்துக்கும் சம்பந்தம் இருக்கான்னு எங்க எலும்பு டாக்டர்கிட்ட கேட்டேன். வயசானவங்க நிறைய பேருக்கு ரெண்டும் சேர்ந்து வர்றதைப் பார்க்கறோம், எது எதனாலன்னு உறுதியா சொல்ல முடியல, எலும்பு தேஞ்ச எல்லாருக்கும் மறதி வந்துடாதுன்னார். கடைசியா சொன்னது என் மனசுல நிக்கவே இல்ல.

போன மாசம் பாத்ரூம்ல விழுந்து அக்காவுக்கு இடுப்பு எலும்பு உடைஞ்சுது. எங்ககிட்டயேதான் கூட்டிட்டு வந்தாங்க.

ஆபரேஷனுக்கு முன்னாடி செஸ்ட் எக்ஸ்ரே. அவங்க அசையாம இருக்கணும்னு, கதிர் படாம இருக்க ஈய ஏப்ரனை மாட்டிக்கிட்டு நான் பக்கத்துல நின்னேன். என்னை உத்துப் பார்த்தாங்க.

"ஹெதரபேடிம்மா. ஒந்து நிமிஷ. உசிரு ஹிட்கொள்ளி."

பயப்படாதீங்கம்மா, ஒரு நிமிஷம்தான், மூச்சைப் புடிச்சுக்கோங்கன்னு. பேஷன்ட்டுங்ககிட்ட பேசற அதே கன்னடத்துல. பதினேழு வருஷமா என்கிட்ட தமிழ்ல மட்டுமே பேசினவங்க.

நான் மூச்சைப் புடிச்சுக்கிட்டேன். அவங்களும் புடிச்சாங்க. படம் தெளிவா வந்துச்சு.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னாங்க. ஆனா அதுக்கப்புறம் அவங்க எழுந்து நிக்கவே இல்ல. கவிதா யாருன்னும் தெரியல. நெஞ்சுல சளி கட்டி, இன்னைக்குக் காலைல...

எனக்கு அம்பத்தாறு. நானும் அக்கா வேலை செஞ்ச அதே ரூம்ல போய் எலும்பு ஸ்கேன் எடுத்துக்கிட்டேன். நல்லா இல்ல. எலும்பு தேஞ்சிருக்கு, ஆஸ்டியோபோரோசிஸ்னு போட்டிருக்கு.

போன வாரம் தொம்மலூர் ஸ்டாப்ல நின்னுட்டு இருந்தேன். தினமும் ஏறற பஸ் வந்துச்சு. போர்டைப் படிச்சேன். இதுல ஏறணுமான்னு தெரியல. பஸ் போயிடுச்சு. களைப்பா இருக்கலாம்... அப்படித்தான் சொல்லிக்கறேன்.

மாத்திரை போடறேன். நடக்கறேன். வீட்ல இன்னும் சொல்லல, இந்தப் பதிவைப் படிச்சுத்தான் தெரிஞ்சுப்பாங்க.

அக்காவை நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஒக்கலிபுரம் வீட்டுல இருந்து எடுக்கறாங்க. பழைய ஸ்டாஃப் யாராவது பார்த்தா வந்துடுங்க.

நிம்மதியா தூங்குங்கக்கா. மழை பேஞ்சு உங்க தெருவெல்லாம் வழுக்குமாம்.. நான் வாசல் வரைக்கும் ஆட்டோலயே வந்துடறேன்.