ஜன்னலுக்கு வெளியே தொங்கிய பல்பு

அண்ணன் வீட்டு வேன் ஷெட்டில் பல்பு உள்ளே கிடையாது. ஜன்னலுக்கு வெளியே தொங்கும். புதிதாக வருகிறவர்கள், வயரிங் செய்தவர் ஏதோ ஞாபகத்தில் தப்பாக மாட்டிவிட்டுப் போய்விட்டார் என்றுதான் நினைப்பார்கள். ஜன்னலில் திறக்க முடியாதபடி கண்ணாடி பதித்திருக்கும். அதன் வழியாக விழுகிற மஞ்சள் வெளிச்சம் வேனின் முகப்பில் ஒரு பாய் அகலத்துக்குப் படியும். மற்ற இடமெல்லாம் இருட்டு. சுவிட்சும் வெளிச்சுவரில்தான், மழை படாமல் ஒரு தகர மூடிக்குள் இருந்தது. ஆமத்தூர்ப் பக்கம் இப்படி ஒரு ஷெட் வேறு யாரும் வைத்திருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. எல்லாம் அண்ணன் பெண்டாட்டி, என் மதினியின் ஏற்பாடு.

மதினிக்கு ஏழாயிரம்பண்ணைக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற வேலை. அண்ணன்தான் அந்தக் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருகிற வேனை ஓட்டினான். தங்கச்சி எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, அவர்களோடுதான் இருந்தேன். சாயங்காலம் வேன் வந்து நின்றால் மதினி வீட்டுக்குள் வரமாட்டாள். நேராக ஷெட்டுக்குப் போவாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கதவோரம் அடித்திருந்த செம்புத் தகட்டில் உள்ளங்கையை அழுத்தி வைத்து எடுத்த பிறகுதான் உள்ளே கால் வைப்பாள். உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணுக்கு இறங்க வேண்டும் என்று மருந்தறை வாசலில் செய்கிற வழக்கம் அது. சேலைக்கு மேல் போட்டிருக்கும் அண்ணனின் பழைய சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவாள். மருந்து ஒட்டின சட்டை அடுப்பிருக்கிற வீட்டுக்குள் வரக்கூடாது. பிறகு கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவாள். அதுவரை கையெல்லாம் மருந்துப் பொடி ஒட்டி வெள்ளி பூசினதுபோல் மின்னிக்கொண்டிருக்கும்.

கஷ்டப்பட்டவன் அண்ணன்தான். வேனுக்கு ஏதாவது ஒரு வேலை இருந்துகொண்டே இருக்கும். அந்த மங்கலில் கழற்றிய நட்டைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் துழாவுவான். "எம்புட்டு நாளைக்குத்தான் நான் குருடன் மாதிரி தடவிக்கிட்டு இருக்கது? உள்ள ஒரு டியூப் லைட்டு போட்டா ஒன் கம்பெனிக்காரன் வந்து கேஸா போடுவான்?" என்று கத்துவான்.

மதினி கிணற்றடியிலிருந்தே பதில் சொல்வாள். "சுவிச்சத் தட்டையில ஒரு பொறி வரும்லா, அது போதும். உள்ள பெட்ரோலும் இருக்கு, என் சட்டையும் தொங்குது. நீங்க நட்டு தேடுங்க, பரவால்ல."

நான் சிரிப்பேன். வீட்டுக்குள்ளேயே ஒரு போர்மேன் இருக்கிறாரே என்று கேலி செய்வேன். ஒருநாள் கேட்டேன், "மதினி, கம்பெனியிலயும் இம்புட்டு கண்டிஷனாவா இருக்கீக?" ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, "சீசன் வந்துட்டா நாலு பேரு இருக்க அறையில பத்துப் பேர உக்கார வைக்கான். லோடு போகணும்ங்கான். அங்கன நாம சொன்னா யாரு கேக்கா? இங்கன சொன்னா ஒங்க அண்ணனாவது கேப்பாக" என்றாள்.

அதை அன்றைக்கு நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தப் பட்டாசுச் சீமையில் எல்லா விதியும் ஒழுங்காக நடந்த ஒரே மருந்தறை, மருந்தே இல்லாத எங்கள் வேன் ஷெட்தான். அவள் பயந்த சுவிட்சும் பொறியும் அவளை ஒன்றும் செய்யவில்லை. பட்டப்பகலில், கண்ணைக் கூசுகிற வெயிலில், ஆள் நெருக்கி உட்கார்ந்திருந்த அவளுடைய அறையில் யாரோ எதையோ இழுக்கப்போய் உரசிவிட்டது என்றார்கள். எது உரசியது என்று சொல்ல அந்த அறையிலிருந்து ஒருவரும் வரவில்லை. அண்ணன் வேனோடு கம்பெனி வாசலில் வேப்பமர நிழலில்தான் நின்றிருந்தான். அடுத்த அறைகளில் தீக்காயம் பட்ட பெண்களை அந்த வேனில்தான் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். ஏற்றும்போது ஒவ்வொரு முகமாகப் பார்த்தானாம்.

அதற்குப் பிறகு அவன் வேனை எடுக்கவில்லை. ஊர்ப் பெண்கள் வேறு வேனில் அதே பக்கம் வேலைக்குப் போகிறார்கள். போகாமல் என்ன செய்வார்கள்? நான் கல்யாணமாகி விருதுநகருக்கு வந்துவிட்டேன். எப்போது போனாலும் அவன் ஷெட்டில் வேன் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பான். சாப்பிட்டாயா என்றால் தலையை ஆட்டுவான், சாப்பிட்டிருக்க மாட்டான். சவரம் செய்யாத அந்த முகத்தைப் பார்த்துவிட்டு பஸ் ஏறும்போதெல்லாம், இவனும் நமக்கு இல்லாமல் போய்விடுவான் என்ற பயம்தான் கூடவே வரும்.

போன கோடையில் ஒருநாள் அவனே போன் செய்தான். ஷெட்டில் டூவீலர் ரிப்பேர்க் கடை போடப் போவதாகச் சொன்னான். "வெளிச்சந்தான் பத்தல. நாலு எல்இடி போடச் சொல்லியிருக்கேன். சுவருக்கு வெள்ளையடிச்சா வெளிச்சம் கூடுமாம்." எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தக் குரலில் ஒரு உயிர் இருந்தது. நான் போனை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில்.

வெள்ளையடிக்கிற வேலையை அவனே செய்தான். சாயங்கால வேளைகளில், அந்தப் பழைய பல்பு வெளிச்சத்திலேயே சுவரைச் சுரண்டித் தேய்த்து இரண்டு கை அடித்திருந்தான். லைட் போடுகிற அன்றைக்கு நான் போயிருந்தேன். எலக்ட்ரீசியன் சுவிட்ச் எங்கே வைக்க என்று கேட்டதற்கு, யோசிக்காமல் "வெளிய" என்றான். லைட் எரிந்ததும் நகைக்கடைக்குள் நிற்பதுபோல இருந்தது. தரையில் என்றைக்கோ தொலைந்த நட்டுகள் ஓரத்தில் கிடந்ததெல்லாம் தெரிந்தது. அண்ணன் குனிந்து ஒன்றை எடுத்தான், சிரிக்கக்கூடச் செய்தான்.

பிறகு கதவோரம் போய் நின்றவன் அப்படியே நின்றுவிட்டான். செம்புத் தகட்டைச் சுற்றிலும் சுவர் பளீரென்று இருந்தது. தகட்டின் விளிம்பை ஒட்டி, பிரஷ் படாமல் விட்டுப்போன இடத்தில் மட்டும் விரல்நுனி அளவுக்குச் சாம்பல் நிறமாக ஏதோ மினுங்கியது. மதினியின் கையில் மின்னிய அதே வெள்ளி. வருஷக்கணக்காக, தினமும் சாயங்காலம் அவள் கை தகட்டிலும் அதைத் தாண்டிச் சுவரிலும் பதிந்து பதிந்து படிந்தது.

"இதச் சுத்திப் பூரா அழுக்கா இருந்துச்சுத்தா" என்றான். "வேன் பொகைன்னு நெனச்சேன். அந்த வெளிச்சத்துல தெரியல. உப்புத்தாள் போட்டுத் தேச்சேன்." உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். "நாந்தான் தேச்சேன்."

எலக்ட்ரீசியன் ஒன்றும் புரியாமல், வெளிச்சம் போதுமா என்று கேட்டார். போதும் என்றேன்.

ரிப்பேர்க் கடை வரவில்லை. ஒரு வண்டியும் அந்த ஷெட்டுக்குள் ஏறவில்லை. போன வாரம் போயிருந்தேன். நான்கு எல்இடியும் தூசி படிந்து கிடக்கின்றன. இருட்ட ஆரம்பித்ததும் அண்ணன் எழுந்து வெளியே போய், தகர மூடியைத் தூக்கி, ஜன்னலுக்கு வெளியே தொங்குகிற அந்தப் பழைய பல்பைப் போட்டுவிட்டு வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போய் வேன் படிக்கட்டில் உட்கார்ந்தான். "புது லைட்டப் போடலாம்லா அண்ணே" என்றேன்.

"வேண்டாந்தா" என்றான். "இந்த வெளிச்சத்துல அந்தச் சுவரு சரியாத் தெரியாது."